இணைப்புச் சொல்லுக்கு ஏன் இந்த அச்சம்?

கருத்து வரைபடம் என்பது அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான அலங்காரம். பிள்ளைகளின் நேரத்தைத் தின்னும் வட்டமும் அம்பும். தமிழ்நாட்டுப் பள்ளிகள் அதை ஏற்கெனவே முயன்று பார்த்துத் தோற்றுவிட்டன. மனப்பாடத்துக்கு முன்னால் அது நிற்காதென்று அறிவியலே தீர்ப்புச் சொல்லிவிட்டது. கல்வி இதழொன்றில் அண்மையில் வந்த நீண்ட கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். எழுதியவர் பல்லாண்டு வகுப்பறையில் நின்றவர், ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர் என்று இதழ் அறிமுகம் செய்கிறது. வகுப்பறையை அறியாத ஒருவர் இப்படி எழுதியிருந்தால் பொருட்படுத்தாமல் விட்டிருப்பேன். அறிந்திருக்க வேண்டிய ஒருவர், ஓர் ஆய்வின் முன்பாதியைச் சொல்லிப் பின்பாதியை விழுங்கிவிட்டு, ஒன்றின் பெயரால் வேறொன்றை அடித்துவிட்டு, போதாக்குறைக்குத் தமிழ் மரபையும் சாட்சிக்கூண்டுக்கு இழுத்து வரும்போது வாய்மூடி இருக்க முடியவில்லை. ஆசிரியர் அறைகளில் இத்தகைய கட்டுரைகள் நகலெடுத்துச் சுற்றுக்கு விடப்படுகின்றன. ‘பார்த்தீர்களா, நாம் செய்துவந்ததே சரி’ என்று நிம்மதியாகப் பெருமூச்சு விடவும் பயன்படுகின்றன.

முதலில் அவர் யாரை அடித்திருக்கிறார் என்று பார்ப்போம். நடுவில் ஒரு வட்டம், அதற்குள் ‘நீர்’, சுற்றிலும் மழை, ஆறு, கடல், கிணறு, மீன் என்று கதிர்கள், கதிருக்கொரு நிறம். இதை வரைந்த பிள்ளைக்கு நீரைப் பற்றி என்ன தெரிந்துவிட்டது என்று கேட்கிறார். ஒன்றும் தெரிந்துவிடவில்லை, ஒப்புகிறேன். ஆனால் அவர் வருணிப்பது கருத்து வரைபடமே அன்று, மனவரைபடம். 1974இல் பி.பி.சி. தொலைக்காட்சித் தொடர் வழியாக டோனி பூசான் பரப்பியது அது. நடுவிலிருந்து கிளை விரிப்பது, கிளைக்கொரு சொல் வைப்பது, நிறமும் படமும் சேர்ப்பது அதன் முறை. மனத்தில் தோன்றுவதை விரைவாகத் தாளில் கொட்டிப் பார்க்க அது உதவும். அதற்கு மேல் அதனிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை.

கருத்து வரைபடத்தின் பிறப்பு வேறு. 1972 முதல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கும் அவருடைய குழுவினரும் ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு அறிவியல் பாடங்களைக் கொடுத்து, அவர்களோடு உட்கார்ந்து பேட்டி கண்டார்கள். எழுத்தாக்கிய பேட்டிகள் குவிந்தன. ஆனால் அந்தக் குவியலுக்குள் ஒரு பிள்ளையின் புரிதல் எந்த இடத்தில் மாறியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தத் திணறலிலிருந்து பிறந்த கருவி இது. அந்தப் பிள்ளைகளைப் பள்ளி இறுதிவரை, 12 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஆகவே இதன் முதல் பயனாளி ஆசிரியர். பிள்ளையின் தலைக்குள் கருத்துகள் எப்படிப் பிணைந்து கிடக்கின்றன என்று அவர் கண்ணால் பார்ப்பதற்காகவே இது உண்டானது. இதன் உயிர்நிலை அம்பின்மேல் எழுதப்படும் இணைப்புச் சொல். இரண்டு கருத்துகளும் நடுவே ஓர் இணைப்புச் சொல்லும் சேர்ந்தால் ஒரு கூற்று பிறக்க வேண்டும். அது சரியா, தவறா என்று எவரும் கேட்கும்படி இருக்க வேண்டும். ‘நீர்’, ‘மீன்’ என்ற இரு சொற்களுக்கு நடுவே வெறும் கோடு போட்டால் அது எதையும் சொல்வதில்லை. ஆகவே அதைத் தவறென்று எவராலும் சொல்ல முடியாது. தவறென்று சொல்லவே முடியாத ஒன்றிலிருந்து யார் எதைக் கற்பது? இந்த அடிப்படை வேறுபாட்டை அறியாமல் ஒருவர் கருத்து வரைபடத்துக்கு மரணச் சான்றிதழ் எழுத முற்படலாமா? அறிந்தே மறைத்தார் என்றால் அது இன்னும் மோசம்.

‘நாம் முயன்று தோற்றது’ என்று அவர் சுட்டுவது படைப்பாற்றல் கல்வியை. 6 முதல் 8 வகுப்பு வரை அது நடைமுறைக்கு வந்த காலத்தில் பள்ளியில் இருந்தவர்களுக்கு அதன் படிநிலைகள் மனப்பாடமாகவே தெரியும்: ஆசிரியர் அறிமுகம் செய்வார், பிள்ளைகள் படித்து முக்கியச் சொற்களை அடிக்கோடிடுவார்கள், மனவரைபடம் வரைவார்கள், குழுவில் தொகுப்பார்கள், எழுந்து வழங்குவார்கள், கடைசியில் எழுதுவார்கள். படிநிலையின் பெயரிலேயே மனவரைபடம் என்று இருக்கிறது. அதில் கருத்து வரைபடம் எங்கே வந்தது? அந்த மனவரைபடமும் வெகு விரைவில் சடங்காகிப் போனது உண்மை. தமிழுக்கும் அதுவே, கணக்குக்கும் அதுவே, வரலாற்றுக்கும் அதுவே. நன்றாக வரையும் பிள்ளை ஒருத்தி போட்டதைக் குழு முழுவதும் பார்த்து வரையும். ஆய்வுக்கு வருகிற அதிகாரி புரட்டிப் பார்ப்பதற்காக நோட்டுகள் நிறையும். இதையெல்லாம் அவர் கடுமையாகவே எழுதியிருக்கிறார், அந்தப் பக்கங்களில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் சிந்திக்கும் கருவியைப் பதிவேடாக்கியது யார்? பிள்ளைகளா? வரைபடமா? பயிற்சி முகாமில் ஒரு நாளில் ஆறு படிநிலைகளை ஒப்பித்துவிட்டு, ‘நாளையிலிருந்து செய்யுங்கள்’ என்று அனுப்பி வைத்த ஏற்பாட்டைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லையே, ஏன்? அந்தப் பயிற்சிகளை நடத்தியவர்களில் தாமும் ஒருவர் என்பதாலா?

ஒரு கூற்று என்ன வேலை செய்யும் என்பதை அருகில் வைத்துக் காட்டுகிறேன். ஒளிச்சேர்க்கை பற்றிய ஐந்து மதிப்பெண் வினாவுக்கு முழு மதிப்பெண் வாங்கிய ஒன்பதாம் வகுப்பு மாணவி. சமன்பாடு பிழையில்லை, பச்சையம் விடுபடவில்லை, படத்தில் பாகங்களும் குறிக்கப்பட்டிருந்தன. மறுநாள் புத்தகத்தை மூடச் சொல்லி வகுப்புக்குப் பத்துச் சொற்கள் கொடுத்தேன்: தாவரம், இலை, வேர், மண், நீர், சூரிய ஒளி, கார்பன் டை ஆக்சைடு, குளுக்கோஸ், ஆக்சிஜன், மரத்தின் எடை. அவள் வரைந்ததில் ‘வேர் உறிஞ்சுகிறது நீர்’ சரியாக இருந்தது. ‘இலை தயாரிக்கிறது குளுக்கோஸ்’ அதுவும் சரி. அப்புறம் தடித்த கோட்டில், சந்தேகமே இல்லாத கையெழுத்தில், ‘மண் தருகிறது மரத்தின் எடை’. கார்பன் டை ஆக்சைடு தாளின் ஓரத்தில் தனியாகக் கிடந்தது; அதிலிருந்து ஒரே ஒரு கோடு, ‘தாவரம் சுவாசிக்கிறது கார்பன் டை ஆக்சைடு’ என்று. முந்தைய நாள் முழு மதிப்பெண் வாங்கிய விடையும், மரம் மண்ணைத் தின்றே வளர்கிறது என்ற நம்பிக்கையும் ஒரே தலைக்குள் ஒன்றையொன்று தொடாமல் குடியிருந்தன. மரம் அவ்வளவு மண்ணையும் தின்றிருந்தால் அடியில் பள்ளம் விழுந்திருக்க வேண்டாமா என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தவள், ரப்பரை எடுத்து மண்ணின் கோட்டை அழித்துவிட்டு, ஓரத்தில் கிடந்த கார்பன் டை ஆக்சைடிலிருந்து தாளின் குறுக்கே எடை வரைக்கும் ஒரு கோடு இழுத்தாள். “அப்போ காத்துதான் மரமாகுதா சார்?” என்றாள். கட்டுரையாளர் போற்றும் விடைத்தாளை இன்னும் நூறு முறை திருத்தியிருந்தாலும் அந்தக் கேள்வி அவள் வாயிலிருந்து வந்திருக்குமா?

இது பள்ளிப் பிள்ளைகளின் குறை என்று எவரும் தள்ளிவிட வேண்டாம். 1997இல் வந்த ‘மைண்ட்ஸ் ஆஃப் அவர் ஓன்’ என்ற ஆவணப்படத்தில், ஹார்வர்டிலும் எம்.ஐ.டி.யிலும் பட்டம் பெற்று வெளியே வந்தவர்களிடம் ஒரு விதையையும் ஒரு மரக்கட்டையையும் கொடுத்து, இவ்வளவு பொருளும் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது அவர்களும் தடுமாறினார்கள். இன்னும் பின்னே போனால் வான் ஹெல்மாண்ட் நிற்கிறார். 200 பவுண்டு காய்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்தாண்டு நீர் ஊற்றி, மரம் 169 பவுண்டாகியும் மண் ஏறத்தாழ இரண்டு அவுன்ஸ் மட்டுமே குறைந்ததை அளந்து காட்டியவர். அவர் இறந்தபின் 1648இல் அது அச்சேறியது. மண் இல்லை என்பது அவருக்குத் தெளிவாகிவிட்டது. ஆகவே எல்லாம் நீரே என்று முடிவுகட்டினார். ‘வாயு’ என்ற கருத்துக்கு ‘கேஸ்’ என்று பெயரிட்டவரும் அவரே. கரி எரியும்போது வெளியேறும் வாயுவைத் தனியாக அடையாளம் கண்டவரும் அவரே. மரமும் அந்த வாயுவும் ஒரே மனிதரின் ஆய்வுக்கூடத்தில், ஒரே மூளையில் இருந்தன. இடையே ஒரு குறுக்கு இணைப்பு இல்லை. தாவரத்தின் எடைக்குக் கார்பன் டை ஆக்சைடும் நீரும் காரணம் என்று 1804இல் தெ சோசூர் அளந்து நிறுவும்வரை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அந்தக் கோடு முழுமையாகப் போடப்படவில்லை. தனித்தனித் தகவல்கள் எவ்வளவு சேர்ந்தாலும் அவற்றுக்கிடையே உள்ள உறவைத் தேடாதவரை அறிவு முடமாகவே இருக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா? கருத்து வரைபடத்தில் தொலைவில் உள்ள இரண்டு பகுதிகளை இணைக்கும் கோட்டுக்கு நோவாக் மற்றெல்லாவற்றையும்விட அதிக மதிப்புக் கொடுத்தது இதனால்தான்.

இனி அவருடைய பிரம்மாஸ்திரத்துக்கு வருவோம். 2011இல் ‘சயன்ஸ்’ இதழில் பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி கார்பிக், ஜேனல் பிளண்ட் இருவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 80 கல்லூரி மாணவர்கள், கடல் நீர்நாய்களைப் பற்றிய ஓர் அறிவியல் பத்தி, நான்கு குழுக்கள். ஒரு குழு ஒருமுறை படித்தது. ஒரு குழு திரும்பத் திரும்பப் படித்தது. ஒரு குழு பத்தியைக் கண்முன் வைத்துக்கொண்டு கருத்து வரைபடம் வரைந்தது. நான்காவது குழு படித்தது, மூடியது, நினைவுக்கு வந்ததை எழுதியது, மறுபடி படித்து மறுபடி எழுதியது. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் நான்காவது குழு, வரைபடக் குழுவைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மதிப்பெண் பெற்றது. இது நடந்தது, ஆய்வு சீரானது, எனக்குச் சாதகமில்லை என்பதற்காக இதைச் சுருக்கிச் சொல்லும் உத்தேசம் எனக்கில்லை.

ஆனால் கட்டுரையாளர் இதிலிருந்து எடுக்கும் முடிவு என்ன? ‘மனப்பாடம் வென்றது’ என்கிறார். வென்ற குழு எதையாவது மனப்பாடம் செய்ததா? ஒரு வரியையும் அது நெட்டுருப் போடவில்லை. தனக்கு நினைவிருந்ததைத் தன் போக்கில் எழுதியது. தேர்வில் பத்தியில் நேரடியாக இருந்தவை மட்டும் கேட்கப்படவில்லை, பத்தியிலிருந்து ஊகித்தறிய வேண்டியவையும் கேட்கப்பட்டன. அதிலும் அந்தக் குழு முன்நின்றது. திரும்பத் திரும்பப் படித்த குழு, அதாவது தேர்வுக்கு முந்தைய இரவில் நம் பிள்ளைகள் செய்வதையே செய்த குழு, நினைவிலிருந்து எழுதியவர்களிடம் தோற்றது. இந்தக் குழுவைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. நான்கு பேர் ஓடிய பந்தயத்தில் ஒருவரை ஓடவே இல்லை என்று சொல்லிவிட்டுத் தீர்ப்பெழுதுவது எந்த ஊர் அறிவியல்?

அதைவிடப் பெரிய மறைப்பு அடுத்தது. அதே இருவர், கார்பிக்கும் பிளண்டும், 2014இல் மற்றோர் ஆய்வை ‘ஜர்னல் ஆஃப் எஜுகேஷனல் சைக்காலஜி’யில் வெளியிட்டார்கள். இம்முறை மாணவர்கள் பத்தியை மூடிவிட்டு நினைவிலிருந்து கருத்து வரைபடம் வரைந்தார்கள். வேறு சிலர் நினைவிலிருந்து பத்தியாக எழுதினார்கள். இரண்டும் ஒப்பாகவே பயன் தந்தன. பத்தியைப் பார்த்தபடி செய்த வேலைகளை இரண்டும் முந்தின. ஆக, 2011இல் தோற்றது வரைபடம் என்ற வடிவமன்று, கண்முன் திறந்து கிடந்த புத்தகம். ஆய்வாளர்களே தங்கள் கேள்வியைக் கூர்மையாக்கி, தாங்களே பதில் கண்டு, தாங்களே வெளியிட்ட பிறகு, 2011ஐ மட்டும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பவரை என்னவென்று சொல்வது? முதல் ஆய்வைத் தேடிப் படித்தவருக்கு, மூன்றாண்டு தள்ளி அதே பெயர்களில் வந்த இரண்டாவது ஆய்வு கண்ணில் படவே இல்லையா?

ஒற்றை ஆய்வை வைத்துக்கொண்டு சண்டை போடுவதே சரியான முறையன்று. 2018இல் ஷ்ரோடர், நெஸ்பிட் முதலியோர் அதுவரை வந்த ஒப்பீடுகளைத் திரட்டிப் பகுத்தார்கள்: 142 ஒப்பீடுகள், 11,814 மாணவர்கள். ஒட்டுமொத்த விளைவளவு 0.58, கல்வி ஆய்வில் இது புறக்கணிக்கத்தக்க அளவன்று. அதில் தாமே வரைந்தவர்களுக்கு 0.72, யாரோ வரைந்து கொடுத்ததைப் பார்த்துப் படித்தவர்களுக்கு 0.43. விரிவுரை கேட்பதோடும் வெறுமனே வாசிப்பதோடும் ஒப்பிடும்போதுதான் இந்த ஆதாயம் பெரிது. மாணவர் தாமே சுருக்கம் எழுதுவது போன்ற உழைப்புள்ள வேலைகளோடு ஒப்பிட்டால் இடைவெளி சுருங்குகிறது என்பதும் இத்தகைய தொகுப்பாய்வுகள் சொல்வதுதான். அதையும் சொல்லிவிடுவதில் எனக்குத் தயக்கமில்லை, ஏனென்றால் நான் ஒரு பொருளை விற்க வரவில்லை. மாணவர் உழைக்க வேண்டும். உழைப்பு உறவுகளைத் தேடுவதில் செலவாக வேண்டும். அதற்கு வரைபடம் ஒரு நல்ல களம். என் வாதம் இவ்வளவே. இந்த எண்களோடு கட்டுரையாளரின் இன்னொரு வாதத்தையும் வைத்துப் பாருங்கள்: புதிய அறிவியல் பாடநூல்களில் பாட இறுதியில் கருத்து வரைபடம் அழகாக அச்சாகியிருக்கிறதே, பிள்ளை வேறு எதற்கு வரைய வேண்டும் என்கிறார். அச்சிட்டதைப் பார்ப்பதற்கும் தானே வரைவதற்கும் உள்ள வேறுபாடே அந்த 0.43க்கும் 0.72க்கும் உள்ள வேறுபாடு. மேலும், வரைபடம் வெற்று அலங்காரம் என்று தொடங்கியவருக்கு அதே வரைபடம் பாடநூலில் அச்சானதும் போதுமானதாகிவிட்டது எப்படி?

தமிழ் மரபுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு உண்மையான சினம். திண்ணைப் பள்ளியில் எண்சுவடியும் நிகண்டும் நெட்டுருவாகவே கற்பிக்கப்பட்டன, வரைபடம் அந்நியச் சரக்கு என்று எழுதுகிறார். பாடம் போற்றுதல் நம் மரபில் இருந்தது, இருக்கத்தான் வேண்டும். நினைவில் ஒன்றுமில்லாதவர் எதை எதோடு இணைப்பார்? ஆனால் மரபு அங்கேயே நின்றுவிட்டது என்று சொல்பவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தைத் திறந்தே பார்க்கவில்லை என்று பொருள். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு சிறப்பாகக் கேட்டு வாங்கினாலும் மாணவனுக்குச் சேர்வது கால்பங்குதான் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி கணக்குப் போட்டிருக்கிறார். உடன் கற்பாரோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப்பங்கு பிறருக்கு எடுத்து விரித்துரைக்கும்போதே வந்து சேரும். கேட்டதை நினைத்தல், வினாவுதல், வினாவியதற்கு விடை சொல்லுதல் என்று கற்கும் வழிகளை அவர் அடுக்குவதில் நெட்டுரு எத்தனை பங்கு? அதோடு நிற்கவில்லை. நூற்பாக்கள் ஒன்றோடொன்று கொள்ளும் உறவுக்கே ஆற்றொழுக்கு, அரிமா நோக்கு, தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என்று நான்கு நிலைகளைப் பெயரிட்டு வைத்திருக்கிறது அந்த நூல். ஒன்றை அடுத்து ஒன்றாக ஓடுவது ஒரு வகை. முன்னும் பின்னும் நோக்கிப் பொருந்துவது ஒரு வகை. இடையிலுள்ளதைத் தாண்டித் தொலைவிலுள்ளதோடு சேர்வது ஒரு வகை. வேண்டிய பொருளை மட்டும் பாய்ந்து எடுப்பது ஒரு வகை. அறிவு நேர்கோட்டில் மட்டுமே நகரும், வரைபடம் அதைத் துண்டாடுகிறது என்று எழுதும் கட்டுரையாளர், தவளைப் பாய்த்தைத் தமிழ் இலக்கணமே வகுத்து வைத்திருப்பதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பார்? மரபை ஆயுதமாக எடுப்பவர் முதலில் மரபைக் கற்றிருக்க வேண்டாமா? பர்டியூ ஆய்வகத்தின் முடிவு தமக்குத் தோதாக இருந்தால் அது அறிவியல், கார்னெலின் கருவி தமக்குத் தோதாக இல்லாவிட்டால் அது அமெரிக்க இறக்குமதி என்ற இரட்டை அளவுகோல் எந்த மரபில் வருகிறது?

மெல்லக் கற்போரால் இதைச் செய்ய முடியாது என்பது அடுத்த வாதம். முதல் பக்கத்தில் வரைபடம் குழந்தை விளையாட்டு. ஆறாம் பக்கத்தில் அது மெல்லக் கற்போருக்கு எட்டாத மலை. இரண்டில் ஒன்றையாவது அவர் கைவிட்டிருக்க வேண்டும். உண்மை இவ்விரண்டிலும் இல்லை. இணைப்புச் சொல்லோடு கூடிய அறிவு வரைபடங்களைப் பற்றிய ஆய்வுகளை 2002இல் தொகுத்துப் பார்த்த ஓ’டானல், டான்சரோ, ஹால் மூவரும், மொழித்திறனோ முன்னறிவோ குறைந்த மாணவர்களே இவற்றால் பெரும்பாலும் கூடுதலாகப் பயன் பெறுகிறார்கள் என்று எழுதினார்கள். காரணம் எளிது: நீண்ட வாக்கியத்தின் சிக்கலில் தொலைந்துபோகும் உறவு, இரண்டு சொல்லுக்கு நடுவே ஒரு வினைச்சொல்லாகக் கண்முன் நிற்கிறது. பாதி வரைந்து பாதியை விட்டுக் கொடுக்கலாம். வேண்டுமென்றே இரண்டு தவறான இணைப்பை வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். சொற்களைத் துண்டுச் சீட்டில் எழுதி நகர்த்தி நகர்த்தி அடுக்கச் சொல்லலாம். வகுப்பில் நின்றவருக்கு இதெல்லாம் தோன்றாதா?

முன்பே தெரிந்த பிள்ளைதான் வரைய முடியும், தெரியாததை வரைபடம் கற்பிக்காது என்றும் சொல்கிறார், ஏதோ பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்தவரைப்போல. கற்பவருக்கு முன்பே என்ன தெரியும் என்பதே கற்றலைத் தீர்மானிக்கும் முதற்காரணம் என்பது டேவிட் ஆசுபெல் 1968இல் தம் நூலின் முகப்பிலேயே வைத்த கருத்து. நோவாக் அதன்மேல் நின்றே இந்தக் கருவியைச் செய்தார். எதிராளியின் அடித்தளத்தை எடுத்து எதிராளியின் மேலேயே எறிவதை மறுப்பு என்று எப்படி ஏற்பது?

மதிப்பெண் போட முடியாது என்ற புலம்பலுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். நோவாக்கும் கோவினும் 1984இல் வெளியிட்ட நூலிலேயே புள்ளி முறை இருக்கிறது: சரியான உறவுக்கு 1, படிநிலைக்கு 5, குறுக்கு இணைப்புக்கு 10, எடுத்துக்காட்டுக்கு 1. இதன் நம்பகத்தன்மையைப் பற்றி ருயிஸ்-பிரிமோவும் ஷேவல்சனும் 1996இல் எழுப்பிய ஐயங்கள் நியாயமானவை. பொதுத்தேர்வில் இதை வைக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. என் முடிவு என்னவென்றால் இதற்கு மதிப்பெண் போடவே கூடாது. மதிப்பெண் வருமென்று தெரிந்த அடுத்த வாரமே ‘மாதிரிக் கருத்து வரைபடம்’ கைடில் வந்துவிடும், பிள்ளைகள் அதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆனால் மதிப்பெண் போட முடியாத எதற்கும் வகுப்பறையில் இடமில்லை என்பதை எப்போது சட்டமாக்கினோம்?

இங்கேதான் கட்டுரையின் அடிமடி தெரிகிறது. மெல்லக் கற்போருக்கான கையேடு ஒன்றைத் தாமே தொகுத்ததாகவும், அதனால் தேர்ச்சி விழுக்காடு உயர்ந்ததாகவும் பெருமையோடு குறிப்பிடுகிறார். அத்தகைய கையேடுகளை நான் இழிவாகப் பேச மாட்டேன். பத்தாம் வகுப்பில் தேறுவது ஒரு கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு என்ன பொருள் தரும் என்பது எனக்குத் தெரியும். ஒன் வேர்டையும் புக் பேக் கேள்விகளையும் வைத்து அந்தப் பிள்ளையைக் கரையேற்றும் ஆசிரியரை வணங்குகிறேன். ஆனால் அவசரக் காலத்து வைத்தியத்தையே கற்றலின் கோட்பாடாக உயர்த்தி, அதற்குப் பாதி ஆய்வைத் துணைக்கழைத்து, வேறு வழி தேடும் இளம் ஆசிரியர்களை ஏளனம் செய்யும்போது அது கையேட்டை விற்கும் வேலையாகிவிடுகிறது. தேர்ச்சி விழுக்காட்டு ஆய்வுக் கூட்டங்களில் யாரும் கேட்காத கேள்வியை ஒரு வரைபடம் கேட்டுவிடும்: இந்தப் பிள்ளைக்குப் புரிந்ததா? அந்தக் கேள்வி பிள்ளையோடு நிற்பதுமில்லை. ஆசிரியர் பயிற்சி ஒன்றில் மரபணு, டி.என்.ஏ., குரோமோசோம், புரதம், பண்பு என்ற ஐந்து சொற்களைக் கரும்பலகையில் எழுதி இணைக்கச் சொன்னபோது, பத்தாண்டுக்கு மேல் உயிரியல் நடத்திய அறையே அமைதியாகிப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஐந்துக்கும் வரையறை கேட்டால் அனைவரும் நொடியில் சொல்வார்கள். மரபணுவுக்கும் புரதத்துக்கும் நடுவே என்ன வினைச்சொல் எழுதுவது என்பதில் சுண்ணாம்புக்கட்டி நின்றுவிட்டது. அன்று மதியம் வரை அந்த ஒரு கோட்டைப் பற்றியே பேசினார்கள், நல்ல பேச்சு. பணியில் சேர்ந்தபின் பாடப்பொருளைப் பற்றி இப்படிப் பேசியதே இல்லை என்று சிலர் சொன்னார்கள். இந்த வெளிப்பாட்டை வரவேற்கும் ஆசிரியரும் உண்டு, இதற்கு அஞ்சும் ஆசிரியரும் உண்டு. கட்டுரையாளர் எந்தப் பக்கம் நின்று எழுதியிருக்கிறார் என்பதை வாசகர் எளிதில் கண்டுகொள்வார்.

எஞ்சியிருப்பது நேரம். பாடத்தை முடிக்கவே நாள் போதவில்லை, இதற்கு எங்கே போவது என்று அவர் கேட்கிறார்; இது மட்டும் மதிக்கத்தக்க கேள்வி, இதற்கு மதிப்போடு பதில் சொல்கிறேன். நாள்தோறும் வேண்டாம், எல்லாப் பாடத்துக்கும் வேண்டாம். ஓர் அலகு முடிந்ததும் பத்துச் சொல், ஒரு தாள், மூடிய புத்தகம், பதினைந்து நிமிடம். பிறகு புத்தகத்தைத் திறந்து அவரவர் கோட்டை அவரவரே சரிபார்க்கட்டும். பக்கத்துப் பிள்ளையின் தாளோடு ஒப்பிட்டுச் சண்டை போடட்டும். ஆசிரியர் நாற்பது தாளையும் திருத்த வேண்டியதில்லை, வரிசைக்கு இரண்டு தாளை எட்டிப் பார்த்தால் போதும். அடுத்த நாள் எதைத் திரும்ப நடத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும். புரியாத பாடத்தை மூன்று முறை திருப்புதல் தேர்வு வைத்து நடத்தச் செலவாகும் வாரங்களோடு அந்தப் பதினைந்து நிமிடத்தை வைத்துக் கட்டுரையாளரே கணக்குப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு, 2014ஆம் ஆண்டு ஆய்வையும் படித்துவிட்டு, அதே இதழில் அதே நீளத்தில் மறுபடி எழுதட்டும். படிக்கக் காத்திருக்கிறேன்.